ரசமட்டம்

ஷ்செச்சின் துறைமுகத்தில் ஜனவரி.
கப்பலுக்குக் குழாய் பொருத்துகிறவர்கள் நாங்கள்.
நூல் பிடித்துக் கோடு போடுவதுதான் பிழைப்பு.
அரை மில்லிமீட்டர் பிசகினாலும்
நடுக்கடலில் கப்பல் சொல்லிக்காட்டிவிடும்.

க்ஸாவெரிக்கு அன்று மூன்றாம் நாள்.
பத்தொன்பது வயது.
மாமன் கொடுத்த பூட்ஸ், ஒரு அளவு பெரிது.
"ரசமட்டத்தில் குமிழி தீர்ந்துபோச்சு,
கிடங்கில் போய் ஒன்று வாங்கி வா"
என்றேன். நான்தான் சொன்னேன்.
"பச்சையாகக் கேள். மஞ்சளை உன் தலையில் கட்டப் பார்ப்பார்கள்"
என்று சேர்த்தவன் விட்டோல்ட்.
அந்தப் பச்சையில்தான் பையன் விழுந்தான்.
பொய்க்கும் உப்பு பார்த்துப் போடவேண்டும்,
விட்டோல்டுக்குக் கைப்பக்குவம் அதிகம்.

கிடங்கில் ஹல்ஷ்கா பதிவேட்டை முழுதும் புரட்டிவிட்டு
பெயிண்ட் கொட்டகைக்கு அனுப்பினாள்.
கொட்டகை நான்காம் தளத்துக்கு.
நான்காம் தளம் கிரேன்காரனுக்கு.
அவன் அறுபதடி உயரத்தில் ஜன்னலைத் திறந்து
"இங்கேதான் இருக்கு, ஏறி வா" என்றானாம்.
ஏறியிருக்கிறான்.
ஏணி முழுக்க உறைபனி.

இதைக் கேள்விப்பட்டபோது
ஒரு மூச்சு நேரம் யாரும் சிரிக்கவில்லை.
பிறகு சிரித்தோம்.

கோடு எங்கே என்று கேட்கிறீர்கள்.
அந்த ஒரு மூச்சுக்குள் எங்கேயோ இருந்திருக்கும்.
எல்லோரும் பார்த்துத்தான் தாண்டினோம்.

மூன்று மணிநேரம் கழித்து வந்தான்,
காது இரண்டும் வெந்த நிறத்தில்.
"பச்சை எங்கேயும் இல்லையாம்" என்றான்.
"மஞ்சள் பரவாயில்லையா?"

எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.
பார்த்து முடித்ததும் அவனும் சிரித்தான்.
முதுகில் தட்டினோம், தேநீர் ஊற்றினோம்,
இனி நீ நம்ம ஆள் என்றோம்.
மேஸ்திரி அந்த மூன்று மணிநேரத்தைக் கூலியில் கழித்தார்.
அதற்கும் ஒரு சிரிப்பு.

என்னையும் ஒரு காலத்தில்
வாளியோடு அனுப்பினார்கள், நீராவி பிடித்து வர.
மூடியை இறுக்கிக்கொண்டு ஓடிவந்ததை
எந்தக் கல்யாணத்திலும் சொல்லாமல் விட்டதில்லை.
என் மனைவிக்கே மனப்பாடம்.
அன்றிரவு கண்ணாடி முன் நின்று
நாளைக்கு எப்படிச் சிரிப்பது என்று
பழகிப் பார்த்ததை மட்டும்
அவளுக்கும் சொன்னதில்லை.

மட்டம் பார்க்கிற கையும்
மட்டம் தட்டுகிற கையும்
ஒரே கையுறைக்குள்தான் இருக்கின்றன.

மார்ச்சில் தோப்ராவா வந்தாள், வெல்டிங் வேலைக்கு.
தலைக்கவசத்தில் விலைச்சீட்டு கூடக் கிழிக்கவில்லை.
நான் வாயைத் திறக்கவில்லை. விட்டோல்ட் விடுப்பில்.
பூட்ஸுக்குள் செய்தித்தாள் திணித்து
அளவு சரிசெய்துகொண்டிருந்த க்ஸாவெரி
நிமிர்ந்து பார்த்தான்.
"பட்டை போட்ட பெயிண்ட் ஒரு டப்பா வேணும்,
சிவப்பும் வெள்ளையும்" என்றான்.
அவள் நகர்ந்த பிறகு கூப்பிட்டு,
"சிவப்பு இடப்பக்கம் வரணும், பார்த்து வாங்கு."

உப்பு சரியாக இருந்தது.

வழியில் என்னிடம் நின்றாள்.
"பெயிண்ட் கொட்டகை எந்தப் பக்கம்?"

என் கையில் ரசமட்டம்.
குமிழி நடுவுக்கு வரட்டும் என்பதுபோல்
குனிந்தே இருந்தேன்.

வந்துவிட்டது.

அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.