பகல் மூன்று மணி, டிசம்பர்

லண்டன்பேட்டையில் இருந்துகொண்டு
ரோவனியெமியைச் சரிபார்க்கிறேன்.
மாங்கூழ் ஏஜென்ட் கடைக்கு மேல்மாடி,
எட்டு கணினி, ஒழுகும் ஒரு ஏசி.
படமும் பெயரும் பொருந்துகிறதா,
ஊசி சரியான இடத்தில் குத்தியிருக்கிறதா,
அவ்வளவுதான் வேலை.

முதல் வாரம் நாற்பத்தொரு படத்தைத் திருப்பி அனுப்பினேன்.
காரணம்: இரவில் எடுத்தது, மீண்டும் எடுக்கவும்.
நாற்பத்தொன்றும் திரும்பி வந்தன.
காரணம்: பகல் மூன்று மணி, டிசம்பர்.
டீம் லீடர் நாகவேணி சிரித்த சிரிப்பு
கீழே கடைவரை கேட்டது.

அப்புறம் பழகிவிட்டது.
கெமி ஆறும் ஒவ்னாஸ் ஆறும் கூடும் இடம். சரி.
பாலத்துத் தூணின் உச்சியில் விளக்கு,
மரம் வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டவர்களின்
மெழுகுவர்த்தி என்று பெயர். சரி.
தரையில் ஒரு கோடு, இதற்கப்பால் ஆர்க்டிக்.
ஆளுக்கொரு காலை அந்தப் பக்கம் வைத்து
குல்லா போட்ட ஒரு குடும்பம். சரி.

பழைய ஊர் என்ற பெட்டியில் மட்டும்
ஒரே ஒரு படம், கறுப்பு வெள்ளை.
நாற்பத்து நாலு, அக்டோபர்.
பின்வாங்கிய படை கொளுத்திவிட்டுப் போயிருக்கிறது.
மரவீடுகள் எரிந்தபின்
செங்கல் புகைபோக்கிகள் மட்டும் நிற்கின்றன
வரிசை மாறாமல்,
யார் வீடு எது என்று இன்னும் தெரிகிற மாதிரி.

சாம்பல்மேல் புது ஊருக்குக் கோடு போட்டவர்
கலைமான் தலையை வைத்துப் போட்டாராம்.
தெருக்கள் கொம்பு. மைதானம் கண்.
நடந்து போகிறவருக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும், நான் மேலே இருக்கிறேன்.

ஷிப்ட் முடியப் பத்து நிமிஷம் இருக்க
கிருஷ்ணகிரிக்கு மேலே வந்து நின்றேன்.
கொம்பில்லை, கண்ணில்லை.
ரவுண்டானாவில் ஐந்து ரோடும் ஐந்து பக்கம் இழுக்க
கயிற்றை அறுக்கப் பார்க்கும் எருதாய்
நடுவில் ஊர்.
சையத் பாஷா மலைக்கு ஊசி சரி.
மேலே கோட்டைக்கு, கட்டிய ஆண்டு? காலி.
பீரங்கி தின்ற மதில் எது, மழை தின்ற மதில் எது,
இவ்வளவு உயரத்திலிருந்து சொல்ல முடியாது.
அணையில் மதகுகள் அத்தனையும் அடைத்தபடி.
ஒன்று உடைந்து
ஆறு தன்பாட்டுக்குப் போன நவம்பர்
எந்தப் பெட்டியிலும் இல்லை.

லண்டன்பேட்டை என்று அடித்தேன்.
லண்டனைத் தேடுகிறீர்களா என்றது.
இல்லை என்று அழுத்தி
சந்து சந்தாக இறங்கினேன்.
எங்கள் மொட்டைமாடியில் நீலமாய் ஒரு சதுரம்:
நான் காயப்போட்ட போர்வை.
போன ஆடிக் காற்றில் பறந்து போனது,
இங்கே இன்னும் காய்கிறது.