இதர வரவு

கத்திரி முடிய இன்னும் ஆறு நாள்.
கொரட்டூர் மைதானத்தில்
வெயில் இறங்கியும் மண் இறங்கவில்லை.
செருப்பைத் தாண்டிச் சுடுகிறது.

எங்கள் அரிமா சங்கத்தில்
பெயருக்கு முன்னால் எல்லோரும் லயன்.
லயன் எத்திராஜுலு
வெங்காயம் அரிந்து அழுதுகொண்டிருக்கிறார்.
டயர் வியாபாரி லயன் ஃபெலிக்ஸ்
கடலைமாவு கரைத்துக் கரைத்து
முழங்கை வரை மஞ்சள்.
எண்ணெய் தெறித்த மணிக்கட்டை
ஐஸ் பெட்டியில் வைத்தபடி
‘காட்டைக் காணோம், கறிவேப்பிலைதான் இருக்கு’
என்கிறாள் லயன் தமயந்தி.

நான் பொருளாளர்.
எனக்குக் கிடைத்தது
கால் நொண்டும் ஒரு மேசை,
நாற்பது பக்க நோட்டு,
பணம் வந்தால் பேசும் பெட்டி.

பேனரில் இரண்டு கண்கள்,
ஆளுயரத்துக்கு.
பஜ்ஜி தட்டு நாற்பது, நன்னாரி சர்பத் இருபது.
நேற்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன்:
எண்ணெய் போக, வாழைக்காய் போக, பந்தல் வாடகை போக
நூற்றைம்பது தட்டு விற்றால்
யாரோ ஒருவருக்கு
ஒரு கண்ணில் புரை நீங்கும்.
அதற்கப்புறம் எனக்குத் தட்டுகள் தட்டுகளாக இல்லை.
இது இமை.
இது வெள்ளையில் கொஞ்சம்.
கல்லூரிப் பையன்கள் ஆறு பேர் சேர்ந்து
கருவிழியில் ஓரம் ஒன்றை
சட்னி தொட்டுத் தின்றுவிட்டுப் போகிறார்கள்.

நாற்பது ரூபாய் பெறப்பட்டது.
எண்பது ரூபாய் பெறப்பட்டது.
ராட்டினக்காரன் விசிலுக்கும்
தொலைந்துபோன நீலச்சட்டைப் பையனுக்கான
நான்காவது அறிவிப்புக்கும் இடையே
பெட்டிக்குள் இருப்பவள் மட்டும்
வியர்க்காமல் பேசுகிறாள்.

ஏழரைக்குக் கரண்ட் போனது.
மைதானம் முழுக்க ஒரே ‘ஓ’.
அடுப்பு மட்டும் நீலமாக நின்றது.
அந்த வெளிச்சத்தில் வந்தாள்,
தோளில் பாதித் தூக்கத்தில் பையன்,
ஏதோ துணிக்கடைச் சீருடை.
இரண்டு தட்டு, ஒரு சர்பத்.
பையன் விழித்துக்கொண்டு
மிளகாய் பஜ்ஜியில் மிளகாயை விட்டு
மேலாடையை மட்டும் உரித்துத் தின்றான்.

போனை எடுத்தாள். செத்திருந்தது.
இரண்டு முறை அழுத்தினாள்,
மூன்றாவது முறை எங்களுக்காக அழுத்தினாள்.
பர்ஸில் பஸ் பாஸ்,
ஒரு ஹேர்பின்.

‘பரவால்லம்மா’ என்றேன்.
தலைவர் லயன் சிவப்பிரகாசம் என்னைப் பார்த்தார்.
நான் பேனர் கண்ணைப் பார்த்தேன்.
அவள் என் பேனாவை வாங்கி
பையனின் உள்ளங்கையில்
சங்கத்து எண்ணை எழுதினாள்,
எண்ணெய்க் கையில் மை பிடிக்காமல்
ஊதி, துடைத்து, மறுபடி எழுதி.
‘கையை மூடிக்கோ கண்ணா’ என்றாள்.
மூடிக்கொண்டான்.
இருட்டில் போனார்கள்.

கரண்ட் வந்தது. நீலச்சட்டையும் கிடைத்தான்,
பஞ்சுமிட்டாய் வண்டிக்கு அடியில்.

பத்தரைக்குக் கடை கட்டினோம்.
எண்ணூற்றுப் பன்னிரண்டு தட்டு.
ஐந்து கண்களும்
ஆறாவதில் ஒரு சிறு பங்கும்.
வராத நூறு ரூபாயை
என் கைப்பையிலிருந்து வைத்து
கணக்கை நேர் செய்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

ஷேர் ஆட்டோவில்
கரண்டிகளோடு சாக்குக்குள் கிடந்த பெட்டி
பாடி மேம்பாலத்தில் ஏறும்போது
திடீரென்று வாய் திறந்தது:
நூற்றியொரு ரூபாய் பெறப்பட்டது.

டிரைவர் திரும்பிப் பார்த்தார்.
ஃபெலிக்ஸ் தூங்கிக்கொண்டிருந்தார்.

நூறு சரி, என் கைப்பைக்குத் திரும்பும்.
கல்யாண வீட்டில் கவரில் ஒட்டி வருமே
அந்த ஒற்றை ரூபாய்,
அதை எங்கே எழுதுவது?
பஜ்ஜியிலா, சர்பத்திலா?
நன்கொடை என்றால் ரசீது போட வேண்டும்.
அவள் பெயர் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து, குளிக்காமல்,
நோட்டைப் பிரித்து
‘இதர வரவு: 1.00’ என்று எழுதினேன்.
என் விரல் பட்ட இடத்தில்
தாளில் எண்ணெய் ஊறி
அடுத்த பக்கத்துக் கோடுகள் தெரிந்தன.