எஸ், கே, க்யூ, எம்

தடுப்புக் கட்டை ஏற ஆறு நொடி.
அதற்குள் வண்டியின் எண்பலகையைப் பார்த்து,
முன்னால் மூன்று, கடைசியில் ஒன்று,
நாலு எழுத்தும் உள்ள ஆங்கிலச் சொல்லைச்
சொல்லிவிட வேண்டும்.
வரிசை எப்படியும் இருக்கலாம்.
நீளமான சொல் ஜெயிக்கும்.
தோற்றவர் கோப்பி வாங்க வேண்டும், கொசோங்.

ஆரம்பித்தது ஹைருதீனா நானா,
இரண்டு பேருக்கும் நினைவில்லை.
பொங்கோலில், கால்வாய்க்கு எதிரே,
பதினேழு மாடியில் நாலு கட்டடம்.
இரவு ஏழிலிருந்து காலை ஏழு.
நேரம் நிறைய இருந்தது, அவ்வளவுதான்.

எஸ் எல் கே, பின்னால் பி.
பன்னிரண்டாம் மாடி டாக்டர், விடிகாலை மூன்றேகால்.
'ஸ்லீப்வாக்கர்' என்றார் ஹைருதீன். பதினோரு எழுத்து.
டாக்டரின் முகத்தைப் பார்த்தேன்.
மறுக்கத் தோன்றவில்லை.

எஸ் கே எச், டி.
கண்ணாடியை இறக்காமல் கையசைக்கும்
நிர்வாகக் குழுத் தலைவர்.
'ஸ்டேக்ஹோல்டர்' என்றேன்.
அவருடைய சுற்றறிக்கைகளில்
எங்களைத் தவிர எல்லாரும்
அந்தச் சொல்லுக்குள்தான் குடியிருக்கிறார்கள்.

எண்பலகையில் ஐ வராது, ஓ வராது,
ஒன்று என்றும் சுழியம் என்றும் கண் ஏமாறும்.
க்யூ வரும்.
யூ-வைத் துணைக்கு அழைக்காமல்
தனியாக வந்து நிற்கும்.

அப்படி வந்ததுதான் ஒன்பதாம் மாடியின் வெள்ளை வண்டி.
எஸ் கே க்யூ, கடைசியில் எம்.
'ஸ்க்வீக்' என்றேன். எம் எங்கே என்றார்.
முழங்கையில் உட்கார்ந்ததை அடித்தபடி
'மஸ்கிட்டோ' என்றார். கே எங்கே என்றேன்.
சத்தம் கேட்கிறதே!
சத்தமெல்லாம் கணக்கில் வராது.

சிக்காதவை பதிவேட்டின் கடைசிப் பக்கத்துக்குப் போகும்.
ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தோம்.
நவம்பரிலிருந்து அது ஒன்றுதான் பாக்கி.

ஜனவரியில் அவரைத் துவாஸுக்கு மாற்றினார்கள்.
அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை,
கேமரா வந்தது.
எண்பலகையை அதுவே படிக்கும்.
படித்துவிட்டு ஒன்றும் சொல்லாது.
கட்டை இப்போது இரண்டே நொடியில் ஏறுகிறது.

சீனப் புத்தாண்டுக்கு முந்திய வாரம்
லாரியில் வந்து இறங்கின சிவப்புத் தொட்டிகள் இரண்டு.
இலையைவிடப் பழம் அதிகம்,
கட்டைவிரல் நுனி அளவு ஆரஞ்சு.
ஏழு வருடமாக லிஃப்டுக்கு இருபுறமும் வைக்கிறேன்,
பெயர் கேட்டதில்லை.
ரசீதில் கையெழுத்துப் போடக் குனிந்தபோது
கே இருந்தது.
எம் இருந்தது.
க்யூ இருந்தது, யூ-வோடு.
எஸ் மட்டும் இல்லை.
தொட்டி இரண்டாயிற்றே,
லாரிக்காரர்தான் போட மறந்திருக்கிறார்.
நானே போட்டேன்.
அவர் என் பேனாவை வினோதமாகப் பார்த்தார்.

பதிவேட்டில் தமிழிலும் எழுதிப் பார்த்தேன்:
கும்குவாட்.
கே-யும் க்யூ-வும் ஒரே க-வில் ஒண்டிக்கொண்டன.
இத்தனை மாதம் தேடிய எழுத்து
என் மொழியில் ஒரு கொம்புகூட மீறவில்லை.

ஹைருதீனுக்குச் செய்தி அனுப்பினேன்:
கும்குவாட்ஸ். எட்டு எழுத்து. கோப்பி உங்கள் கணக்கில்.

நாலு நாற்பதுக்குப் பதில் வந்தது.
மூன்க்வேக்ஸ். பத்து எழுத்து.
நிலாவிலும் நிலம் நடுங்குமாம், அகராதியில் இருக்கிறது.

இப்போதுதான் கண்டுபிடித்தீர்களா?

இல்லை. டிசம்பரில்.

டிசம்பரில் நாங்கள் ஒரே குடிலில்,
ஒரே மின்விசிறிக்குக் கீழே,
அந்த வெள்ளை வண்டியை இரவுக்கு இருமுறை
உள்ளே விட்டுக்கொண்டிருந்தோம்.
ஒவ்வொரு முறையும் தலையைச் சொறிந்து
தெரியலையே என்றார்.

ஏன் சொல்லவில்லை என்று தட்டினேன்.
அனுப்பவில்லை, அழித்தேன்.
வெளியே வந்து அண்ணாந்தேன்.
மூன்றாம் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மேல்
அது அசையாமல்தான் இருந்தது.

கடைசிப் பக்கத்தில் இரண்டு சொல்லையும் எழுதி,
பெரியதற்கு நேரே அவர் பெயர் போட்டேன்.
ஏழு மணிக்குக் கோப்பிக் கடையில்
தோற்றவளாக ஒன்று வாங்கினேன், கொசோங்.
யார் குடிக்க வேண்டும் என்று
விதியில் இல்லை.