ஞூலத்தில் தொபம் இல்லை

சீத்தா கேம்ப், நகராட்சிப் பள்ளி, இரண்டாவது மாடி.
மூன்றாம் வகுப்பில் நாற்பத்தொரு பேர்.
இசக்கிராஜ் நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு சொல் வாசிப்பான்.
முற்றுப்புள்ளியில் நிற்கமாட்டான்,
மான்குர்டில் பன்வேல் வண்டி கிளம்பிவிட்டதுபோல
ஒரே ஓட்டம்.

‘செல்லையா வாளியைக் கிணற்றில் விட்டான்.
கிணற்றில் தண்ணீர் இல்லை.
வீட்டுக்குத் திரும்பினான். வாளி கனத்தது.
அம்மா ஒன்றும் சொல்லவில்லை.’

வாளியை எங்கே விட்டான்?
‘கிணற்றில்!’
கிணறு என்றால் என்ன?
தூக்கிய கைகள் இறங்கின.
ஒருத்தி மட்டும் ‘விஹிரா டீச்சர்?’ என்றாள்,
மராத்திப் புத்தகத்துப் படத்தை நம்பி.

மறுநாள் கரும்பலகையில் எழுதிப் போட்டேன்:
‘பிலுவன் கிப்பையை ஞூலத்தில் விட்டான்.
ஞூலத்தில் தொபம் இல்லை.’

பிலுவன் எதை விட்டான்?
‘கிப்பையை!’
எங்கே விட்டான்?
‘ஞூலத்தில்!’
அங்கே எது இல்லை?
‘தொபம்! தொபம்!’
மூன்றுக்கு மூன்று, வகுப்பு முழுக்க.
சரி, தொபம் என்றால்?
முதலில் யாரோ களுக்கென்றார்கள்.
பிறகு கூரைத் தகரம் அதிர நாற்பத்தொரு பேரும்.
நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.
இத்தனை வருடம்
நான் திருத்தி அடுக்கிய விடைத்தாள்களில்
எத்தனை தொபம் இருந்திருக்கும்.
ஐயும் இல்லும் தெரிந்தால் போதும்,
கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு
பதில் வந்துவிடுகிறது.

அதன்பிறகு நாலு வரிக்கு ஒரு வாரம்.
புத்தகத்தை மூடு, கண்ணை மூடு,
தெரிவதை வரை என்றேன்.
ஜெபஸ்டின் நீல டிரம் வரைந்தான்.
இசக்கிராஜ் டாங்கர் வரைந்தான், நம்பர் பிளேட்டோடு.
ரப்பரை நான் எடுக்கவில்லை.
தரைக்குள் நட்டமாக நிற்கிற டாங்கர்
என்று வைத்துக்கொள்ளுங்கள், மேலே மூடி கிடையாது,
எட்டிப் பார்த்தால் உங்கள் முகம் தெரியும் என்றேன்.
‘தண்ணி இல்லாட்டி?’
‘இல்லாவிட்டால் தெரியாது.’
ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பாடத்திட்டத்தில் ஆறு பக்கம் பின்தங்கியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை, வரியில் விடை இல்லாத கேள்வி:
அம்மா ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

இசக்கிராஜ் விரலால் தேடினான்.
பக்கத்தைப் புரட்டினான்.
‘போடலையே டீச்சர்’ என்றான், ஏமாற்றப்பட்டவனாக.

மைமூன் எழுந்தாள்.
நிமிடத்துக்கு இருபத்திரண்டு சொல்.
‘கி… ண… கிண… ற்…’ என்று ஒவ்வொரு எழுத்தையும்
வாயில் வைத்துப் பார்த்துத்தான் அடுத்ததற்குப் போவாள்.
அவள் பெயருக்கு நேரே
சிவப்பு மையில் ஒரு வட்டம் உண்டு. நான் போட்டது.

‘கோவம் இல்ல டீச்சர்.
தண்ணி வராத அன்னிக்கு எங்கம்மாவும் பேசமாட்டாங்க.
மனசுக்குள்ள கணக்குப் போடுவாங்க.
கேன் இருபது ரூபா. ரெண்டு கேன் வேணும்.
அப்ப யாராச்சும் பேசினா
முதல்லேருந்து எண்ணணும்.’

உட்காரு என்றேன். உட்காரவில்லை.
விரல் இன்னும் மூன்றாவது வரியில்.

‘தண்ணி இல்லைன்னு போட்டிருக்கு.
அப்ப வாளி காலிதானே?
காலி வாளி எப்படி டீச்சர் கனக்கும்?’

ஒன்பது வருடமாக நடத்துகிறேன் இந்தப் பாடத்தை.
அச்சுப் பிழையா,
எழுதியவர் தெரிந்தே வைத்ததா,
நான் அங்கே நின்றதே இல்லை.

‘கல்லு போட்டிருப்பான்’ என்றது கடைசி பெஞ்சு.
‘இரும்பு வாளி’ என்றான் ஜெபஸ்டின்.
‘ரொம்ப தூரம் நடந்திருப்பான், கை வலிச்சிருக்கும்.’
இசக்கிராஜ் எதுவும் சொல்லாமல்
முதல் வரிக்குத் திரும்பிப் போயிருந்தான்,
உதடு மட்டும் அசைய.

மணி அடித்தது. யாரும் பை எடுக்கவில்லை.
மைமூன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.
அந்த ஒரு இரவு
எனக்குத்தான் வேண்டியிருந்தது.