கண்ணாடியை இறக்கு

வாடகைக்கு எடுத்த லென்ஸ்.
நாளுக்கு எழுபத்திரண்டு யூரோ.
சனி மாலை ஏழு மணி தாண்டினால்
இன்னொரு எழுபத்திரண்டு.
கம்பளிச் சட்டையால் சுற்றி
சீட் பெல்ட்டுக்குள் என்னோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன்.

காண்டீபன் ருன்ஜிஸ் மீன்சந்தையிலிருந்து
விடிய ஐந்து மணிக்கு நேரே வந்தான்,
பூட்ஸைக்கூட மாற்றாமல்.
பெயரில் வில் இருக்கிறது,
கையில் சால்மன் மணம்.
"கழுகு மோப்பம் பிடிக்காதே?" என்றேன்.
"பிடிச்சா நல்லதுதானே,
உனக்குக் கிட்ட வரும்."

வித்ரி தாண்டியதும்
உப்புத் தூவும் லாரி ஒன்று முன்னால் போனது,
சாலையைக் கருவாடு போடுகிறவன்போல
அவசரமே இல்லாமல்.
முந்திப்போக அவனுக்குக் கை துறுதுறுத்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
நான் ஒன்றும் சொல்லாதபோது அவன் முந்துவதில்லை.
பதின்மூன்று வருடத்தில் அவ்வளவு படித்திருக்கிறோம்.

டெர் ஏரிக்கு ஊர்களைக் கொடுத்துவிட்டு
ஒரு தேவாலயத்தை மட்டும்
கரையில் விட்டுவைத்திருக்கிறார்கள்.
அதன் பக்கமாக நிறுத்தினோம்.
நீர் பாதிக்கு இறங்கியிருந்தது.
சேற்றின்மேல் பாலாடைபோல் பனிக்கட்டி,
அதில் சாம்பல் பெருங்கொக்குகள்
ஒரு காலில் நூறு, இரு காலில் ஆயிரம்.
தொலைவில் ஒரு அடிமரம்.
அதன்மேல் இன்னொரு அடிமரம்.
இரண்டாவது
தலையைத் திருப்பியது.

லென்ஸை ஜன்னல் விளிம்பில் வைத்துப் பார்த்தேன்.
கழுகு நெளிந்தது.
நீருக்கடியில் கிடக்கும் நாணயம்போல்
ஓர் இறகுக்கும் விளிம்பில்லை.

"ஹீட்டரை நிப்பாட்டு."
"விசரே உனக்கு? மைனஸ் ஒன்பது."
"காருக்குள்ள சூடு வெளிய போய் நடுங்குது.
அந்த நடுக்கத்துக்குள்ளாலதான் பாக்கிறன்.
கண்ணாடியை இறக்கு. எல்லாத்தையும்."

நான்கு கண்ணாடிகளும் இறங்கின.
இருநூறு கிலோமீட்டர் சேர்த்துவைத்த சூடு
ஒரு நிமிடத்தில்
ஷாம்பேன் மாகாணத்துக்குச் சொந்தமானது.
பிளாஸ்கைத் திறக்கவும் விடவில்லை,
தேநீருக்கும் ஆவி உண்டு.
"கிழமையில அஞ்சு இரவு ஐஸுக்க நிக்கிறன்,"
அவன் கண்ணாடி இல்லாத ஜன்னலிடம் முறையிட்டான்,
"ஆறாவதை நீ பிடிச்சிட்டாய்."

நாற்பது நிமிடம்.
மூக்கு முதலில் போனது, பிறகு காதுகள்,
பிறகு ஸ்டீயரிங்கைத் தொட முடியவில்லை.
வெளியும் உள்ளும்
ஒரே அளவுக்கு விறைத்துப்போன ஒரு கணத்தில்
கழுகு தெளிந்தது.

மஞ்சள் அலகின் ஓரத்தில் ஒரு கீறல்.
தொடையிறகில் உறைந்த சேறு.
கண்,
எங்களைக் கணக்கில் எடுக்காத கண்.

"எங்க, எங்க" என்று
என் தோளுக்கு மேலால் சாய்ந்தான் காண்டீபன்.
அப்போதே அது எழுந்தது.
ஈரச்சாக்கை யாரோ உதறியதுபோல் சிறகு,
கீழே வெள்ளையாய் வால்,
ஏரி முழுவதும் கொக்குகள்
ஒரே தொண்டையால் கத்தி மேலேறின.
அழுத்திக்கொண்டே இருந்தேன்.

இருபத்து மூன்று படங்கள்.
இருபத்து மூன்றிலும் அவன் மூச்சு.
வெண்புகை, புகைக்குள் ஒரு சிறகின் சாயல்.
ஒன்றில் மட்டும் வால் தப்பியிருக்கிறது,
பறவையில்லாத வால்.

திட்டத் திரும்பினேன்.
இரு கையாலும் வாயைப் பொத்தி
முகம் சிவக்க
மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.
கழுகு அக்கரைக் காட்டுக்குள் போய்
நெடுநேரமாகியிருந்தது.
"விடு" என்றேன்.
விட்டான்.
மொத்தமும் என் முகத்தில், சூடாக.

மாலை ஆறு ஐம்பத்திரண்டு.
கடைப்பையன் லென்ஸை விளக்கில் உருட்டிப் பார்த்தான்,
கீறலில்லை, தூசியில்லை.
முன்வளையத்தின் உட்புறம்
மினுங்கிய ஒரு மீன்செதிலை
நகத்தால் சுரண்டி எடுத்தான்.
"கடலுக்கா போனீர்கள்?"

"ஓம்," என்றான் காண்டீபன்
பிரெஞ்சில்,
கண் சிமிட்டாமல்.