எழுநூறு மில்லி

பாட்டிலில் மூன்று இடத்தில்
ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறாள் உலகம்மை.
மேல் பொட்டு வரை காலை மாத்திரைக்கு,
நடுப் பொட்டு வரை மத்தியானச் சோற்றுக்கு,
மிச்சம் ராத்திரிக்கு.
கூடக் குடித்தால் திட்டமாட்டாள்.
மறுநாள் என் கணுக்காலை விரலால் அமுக்குவாள்.
விழுந்த குழி மெல்ல மேலே வருவதை
இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருப்போம்.

முப்பத்தோரு வருஷம் கன்னடியன் காலில் லஸ்கர் நான்.
மதகுச் சாவி என் இடுப்பில்தான் கிடந்தது.
இத்தனை கன அடி என்று ஆபீஸிலிருந்து சீட்டு வரும்.
திருகுவேன், அளவுக்கல்லைப் பார்ப்பேன், நோட்டில் எழுதுவேன்.
மழை ஏமாற்றிய ஒரு பிசானத்தில்
கடைமடைக்காரர்கள் பெட்ரோமாக்ஸோடு வந்து நின்றார்கள்.
"குடிக்க தண்ணிய ஒமக்கு அளந்து குடுத்தாத் தெரியும் வே"
என்றான் அதில் ஒருத்தன்.
சாபம் என்று நான் நம்பவில்லை.
சர்க்கரை. பிரஷர்.
முட்டுவலிக்கு நானே கடையில் கேட்டு வாங்கித் தின்ற மாத்திரை.

செவ்வாய், வியாழன், சனி
அஞ்சரை பஸ்ஸில் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி.
சேரன்மகாதேவி தாண்டிக் கொஞ்ச தூரம்
கால்வாய் கூடவே வரும்.
நான் அந்தப் பக்கத்து சீட்டில் உட்காருவதில்லை.

பக்கத்துப் படுக்கை ஞானதுரை சார், டோனாவூர்,
கணக்கு வாத்தியாராக இருந்தவர்.
மருந்துச் சீட்டின் முதுகில் ஒருநாள் போட்டுக் காட்டினார்:
மாசத்தில் பதிமூணு நாள் மெஷினுக்கு,
பதிமூணு நாள் அசதிக்கு,
மிச்சம் நாலு.
"அந்த நாலுக்குத்தான் ஓய் இந்த இருவத்தாறும்."
விடைக்குக் கீழே இரட்டைக் கோடு இழுத்தார்.

சித்திரை பிறந்த பிறகு அவர் வரவில்லை.
நுங்கு தின்றாராம், பதநீர் குடித்தாராம்,
பச்சைத் தண்ணீரைச் செம்போடு அண்ணாந்து குடித்தாராம்.
ஒன்பது நாள்.
"சிரிச்சிக்கிட்டேதான் இருந்தாவ" என்றான் மகன் போனில்.
கொஞ்ச நேரம் கழித்து,
"கடைசி ரெண்டு நாளு மூச்சுக்குத்தான்
ரொம்பப் பாடுபட்டுட்டாவ" என்றான்.
எதை எடுத்துக்கொள்ள, எதை விட?
இரண்டையும் வைத்திருக்கிறேன்.

தலைமடையில் பாய்கிறதை நிறுத்தி
கடைமடைக்கு அனுப்பத்தான் எனக்குச் சம்பளம்.
வழியெல்லாம் மண் குடித்ததுபோகக்
கடைசியில் போய்ச் சேருவது கரண்டைக்கால் நனையும் அளவு.
அதற்காக மேல்வயலைக் காயப்போட்டது நியாயமா என்று
ஒருநாளும் யோசித்ததில்லை.
இன்று என் கடைமடை நானே.
அறுபத்தெட்டு வயசில்
இரண்டு செண்டு நிலம்போல ஒரு சாயங்காலம்,
அதில் உப்பில்லாத உப்புமா.
நியாயம்தானா என்றால்
சில சாயங்காலம் ஆமாம்.
மற்றபடி தெரியவில்லை.

ஊசி குத்துவதற்காக இடக்கையில்
நரம்பையும் நாளத்தையும் சேர்த்து முடிந்திருக்கிறார்கள்.
காதோடு வைத்தால் கேட்கும்,
மதகை ஒரு சாண் தூக்கினால் வரும் அதே இரைச்சல்.
தூக்கம் வராத ராத்திரிகளில் அளவு சொல்லிப் பார்ப்பேன்.
எண்பது கன அடி. எழுபது.

நேற்றும் அப்படித்தான் கிடந்தேன்.
அடுக்களையில் விளக்குப் போடாமல்
உலகம்மை தண்ணீர் குடிக்கிற சத்தம்.
தொண்டையில் இறங்குகிற ஒவ்வொரு மடக்கும் கேட்டது.
பகலில் என் முன்னால் அவள் குடித்து
மூன்று வருஷம் ஆகிறது,
அக்காள் வீட்டுக்குச் சங்கரன்கோவில் போயும்
அதே மூன்று வருஷம்.
ஞானதுரை சார் கணக்கில்
இந்த வரி இல்லை.

திரும்ப வந்து படுத்தாள்.
"முழிச்சிருக்கேளா?"
"இல்லை."
"அஞ்சரை பஸ்ஸு. கண்ணை மூடுங்க."

இன்னும் ஒரு செம்பு குடித்துவிட்டு வா
என்று சொல்ல வாய் வந்தது.
சொன்னால்
நாளையிலிருந்து கிணற்றடிக்குப் போய்க் குடிப்பாள்.