கடலைக் கொதிக்க வைத்தவள்

ராயக்கோட்டை சாலையில் மூன்றாவது சந்து,
மருந்துக்கடைக்கு மேல் மாடி.
அங்கே நாலடி நீளத்துக்கு ஒரு கடல் வைத்திருக்கிறேன்.

போர்வெல் தண்ணீர் அதற்கு ஆகாது.
எங்கள் பல்லில் கறையேற்றிய தண்ணீரைப்
பவளம் தொடாது.
நாங்கள் குடிப்பதைவிட இரண்டு மடங்கு வடிகட்டி
பெங்களூரிலிருந்து வரும் உப்பை
வாளியில் கொட்டிக் கலக்க வேண்டும்.

மாங்கூழ் ஆலையில் எனக்கு இனிப்பு அளக்கிற வேலை.
கண்ணாடியில் ஒரு சொட்டு, வெளிச்சத்தில் பிடித்தால் பதினாறு.
வீட்டிலும் அதே போல ஒரு கருவி, ஒரு சொட்டு,
முப்பத்தைந்து.
"மீன்தான் வேணும்னா டேம்ல கெண்டை இல்லையா?"
என்பார் திம்மராயன்.
அவர் கடலைப் பார்த்ததில்லை.
நானும்தான்.

முதலில் விரல்.
நடுவிரல் கணுவில் மிளகளவு ஒரு முடிச்சு.
களி கிண்டத் துடுப்பைப் பிடித்தால் விண்ணென்று தெறிக்கும்.
முள் என்றார் ஒருவர், மரு என்றார் ஒருவர்.
மூன்று களிம்பு தீர்ந்தது.
முடிச்சு இரண்டாகி மணிக்கட்டைப் பார்த்து நடந்தது.
மீன் வளர்க்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை.
எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

பிறகு அந்த ஞாயிறு.
சட்டைப் பொத்தான் மாதிரி, பழுப்பில் பச்சை விளிம்போடு
ஒரு ஜாதி
பாறை முழுக்கப் பரவிவிட்டது.
பூ என்றுதான் நான் சொல்வேன். பூ இல்லை, பிராணி.
எறும்புப் புற்றா, கட்டில் மூட்டையா,
எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் வெந்நீர்தான்.
பாறையை அன்னக்கூடையில் வைத்துக்
கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன்.
குனிந்து பார்த்தேன், செத்ததா என்று.
ஆவி முகத்தில் அடித்தது.
சன்னல் சாத்தியிருந்தது, புழுதிக்காக.

மதியம் தாரிணி கேட்டாள்:
"அம்மா, தண்ணி ஏன் இரும்பா இருக்கு?"
என் நாக்கில் அதற்குள்
ஒரு பழைய ஐந்து பைசா ஒட்டியிருந்தது.

சித்திரை வெயிலில்
திம்மராயன் இரண்டு கம்பளி போர்த்தியும்
பல் தந்தியடித்தது.
எனக்கு இருமல். இருமலுக்கு நடுவே
மூச்சைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.
நாய் எழுந்து நின்றது, நிற்க முடியாமல் உட்கார்ந்தது.

டாக்டர் முபீனா ஒவ்வொன்றாய்க் கேட்டார்.
தோப்புக்கு மருந்தடிச்சீங்களா?
இல்லை.
காளான் சாப்பிட்டீங்களா?
இல்லை.
கொசுவுக்கு ஏதாவது புகை?
இல்லை.
"அப்ப காலையிலேர்ந்து என்னதான்மா பண்ணீங்க?"
ஆக்சிஜன் முகமூடியை நகர்த்திச் சொன்னேன்:
"கடலைக் கொதிக்க வெச்சேன் டாக்டர்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.
நர்ஸ் சிரித்துவிட்டாள், ஜுரத்தில் உளறுகிறேன் என்று.
டாக்டர் சிரிக்கவில்லை.
திம்மராயனின் போனில் இருந்த போட்டோவைப்
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.
யாருக்கோ போன் செய்தார், வெளியே போய்.
திரும்பி வந்து,
"அந்தக் கையைக் காட்டுங்க" என்றார்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.
நாய்க்கு இன்னொரு வாரம் பிடித்தது.
விரலுக்குத்தான் ஐந்து மாதம் மாத்திரை,
மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போனது.

வித்துத் தொலை என்றார்கள் எல்லோரும்.
மாமியார் வீட்டிலிருந்து இரண்டு முறை போன் வந்தது.
திம்மராயனும் அதையேதான் சொன்னார்,
சொல்லிவிட்டு மறுநாள் காலையில்
முழங்கை வரை கையுறை, கண்ணுக்கு மூடி,
லாரியிலிருந்து கொண்டுவந்த முகக்கவசம்,
இத்தனையும் போட்டுக்கொண்டு தொட்டி முன் நின்றார்.
"இதுல எது அந்தப் பொத்தான்?"
காட்டினேன், தொடாமல்.
பின்பக்கப் பாறையில்
எப்படியோ மூன்று மிச்சமிருந்தன.
மூன்றும் விரிந்திருந்தன.

இப்போதும் இரவில் கரண்ட் போனால்
முழிப்பு வந்துவிடுகிறது.
மோட்டார் நின்ற வீடு அவ்வளவு அமைதி.
மீனுக்குக் காற்று வேண்டும், பேட்டரியை மாட்ட வேண்டும்.
எழுந்து இருட்டில் துழாவுகிறேன்,
டார்ச்சுக்கு முன்னால்
கையுறையை.